கயிற்றின் மறுமுனையில் யார்?

மவுண்ட் பேக்கர் மலையின் தென்சரிவில், ஈஸ்டன் பனியாறு தொடங்கும் இடத்தில், ஏறுபவர்கள் தங்களைக் கயிற்றில் கட்டிக்கொள்வார்கள். வழக்கமாக ஒரு கயிற்றுக்கு மூன்று பேர். மூவரில் ஒருவர் பனிப்பிளவுக்குள் விழுந்தால் மற்ற இருவரும் அந்த நொடியே பனியில் குப்புறக் கவிழ்ந்து, பனிக்கோடாலியை ஊன்றி, விழுந்தவரின் எடையைத் தாங்கியாக வேண்டும். பிறகு ஒருவர் பிடித்திருக்க, இன்னொருவர் பனிக்குள் ஆங்கர் (கயிற்றைக் கட்டும் பிடிமானம்) புதைத்து, கப்பி பூட்டி, மேலே இழுக்க வேண்டும். உடன் வந்தவருக்கு இதெல்லாம் தெரியுமா என்று அந்த நேரத்தில் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இப்படி ஒரே கயிற்றில் சேர்கிற பலர், முந்தின நாள் காலையில் மலையடிவாரத்துக் கார் நிறுத்துமிடத்தில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அதுவரை அவர்களுக்குள் இருந்த தொடர்பெல்லாம் இணையத்தில் ஒரு பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலை நடத்துவது சியாட்டிலில் 1906-ல் தொடங்கிய ‘தி மவுண்டெனியர்ஸ்’ என்ற சங்கம். 15,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், ஏழு கிளைகள், மலையேற்றம் மட்டுமின்றி நடைப்பயணம், பனிச்சறுக்கு, கடல் கயாக் என்று பல பிரிவுகள். பயணங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

மலையேற்றக் குழு என்றாலே முதல் வேலையாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது இப்போது உலகெங்கும் வழக்கம். காலை வணக்கம், சூரிய உதயப் படம், யாரோ எப்போதோ ஏறிய எவரெஸ்ட்டைப் பற்றிய பார்வர்டு. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆட்கள் ஒட்டியிருக்க இதுவும் உதவும். ஆனால் பேச்சு பெருகுவதால் மட்டும் ஒருவர் கயிற்றை இன்னொருவர் நம்பிப் பிடிக்கும் நிலை வருவதில்லை. அந்த நம்பிக்கைக்கு வேறு வகையான ஏற்பாடு வேண்டும். சியாட்டில் சங்கம் கட்டிவைத்திருப்பது அதைத்தான். பார்ப்பதற்கு வறட்டு அட்டவணையாக இருக்கும், அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் மலையில் ஒரு காரணம் உண்டு.

இணையத்துக்கு முன்பு எப்படி இருந்தது என்பதைச் சற்றுப் பார்க்கலாம். 1907-ல் சங்கத்தின் முதல் பெரும் பயணமே வாஷிங்டன் மாநிலத்திலேயே உள்ள மவுண்ட் ஒலிம்பஸுக்கு. அதே ஆண்டில் சங்கத்தின் இதழும் வந்துவிட்டது. தொடக்க உறுப்பினர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள் என்பது அந்தக் காலத்துக்கு அபூர்வம், லண்டனில் 1857-ல் தொடங்கிய ஆல்பைன் கிளப் 1970-களில்தான் பெண்களைச் சேர்த்தது. 1930-களின் நடுவில் வுல்ஃப் பாவர் என்ற ஜெர்மானிய வம்சாவளி இளைஞர் சங்கத்தில் முறையான மலையேற்றப் பயிற்சியைத் தொடங்கிவைத்தார். அதுவரை தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுத்த கலை, பாடத்திட்டமாயிற்று. அந்த வட்டத்தைச் சேர்ந்த லாயிட் ஆண்டர்சனும் அவர் மனைவி மேரியும் நல்ல கோடாலிகளை மலிவாக ஐரோப்பாவிலிருந்து தருவிக்க நண்பர்களோடு சேர்ந்து 1938-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்று மலையேற்றப் பொருள்களுக்கு அமெரிக்கா முழுக்கக் கடை வைத்திருக்கும் ஆர்.இ.ஐ. பத்தாண்டு கழித்து 1948-ல் பாவரும் ஓம் டைபர், ஆட்டோ டிராட் ஆகியோரும் மலை மீட்புக் குழு அமைத்தபோது அதன் உயிர்நாடி தொலைபேசி. மலையில் விபத்து என்று செய்தி வந்தால், யாரை எழுப்பலாம், யாரால் உடனே கிளம்ப முடியும் என்று தெரிந்தவர்கள் ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு நம்பிக்கை மனித நினைவில் இருந்தது. யார் கால் உறுதியானது, யார் பயந்தால் பேச்சு மூச்சற்றுப் போவார் என்று பயிற்சி கொடுத்தவருக்குத் தெரியும். சில நூறு பேர் இருக்கும்வரை இது போதும். ஆயிரக்கணக்கில் வந்தால் யாருக்கு யாரைத் தெரியும்? போதாததற்கு, சியாட்டில் பகுதிக்கு மைக்ரோசாஃப்ட், அமேசான் வேலைக்காக ஆண்டுதோறும் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நம்மவர்களும் அதில் கணிசம். அலுவலக ஜன்னலில் 4,392 மீட்டர் உயர ரெய்னியர் மலை தெரியும், அங்கே அழைத்துப்போக ஒரு நண்பர் இருக்கமாட்டார்.

இப்போது சங்கத்தின் ஒரு பயண அறிவிப்பைக் கிட்ட வைத்துப் படிப்போம். ஈஸ்டன் பனியாறு வழியாக பேக்கர், இரண்டு நாள், சனி ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நடத்துபவரின் பெயர். கீழே தூரம், ஏற வேண்டிய உயரம், கடினத்தின் அளவு, கொண்டுவர வேண்டிய பொருள்கள். பிறகு இடங்கள். இங்கேதான் சுவாரசியம். பங்கேற்பாளர்களுக்கு இத்தனை இடம் என்று ஒரு எண்ணிக்கை, கயிற்றை முன்னின்று நடத்தும் ‘ரோப் லீடு’களுக்குத் தனியாக ஒரு எண்ணிக்கை. ஏன் பிரிக்க வேண்டும்? மூன்று பேருக்கு ஒரு கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் அனுபவசாலி ஒருவராவது வேண்டும். நடத்துபவர் ஒரு கயிற்றைப் பார்த்துக்கொள்வார் என்றால், ஒன்பது பேர் போக இன்னும் இரண்டு ரோப் லீடுகள் வேண்டும். பங்கேற்பாளர் இடங்கள் பத்து நிமிடத்தில் நிறைந்துவிடலாம், ரோப் லீடு கிடைக்காவிட்டால் பயணம் சுருங்கும். மேல்வரம்பும் கணக்குக்குள் வந்துவிடுகிறது. அந்தப் பக்கத்து வனப்பாதுகாப்புப் பகுதிகளில் பெரும்பாலும் ஒரு குழுவுக்கு 12 பேருக்கு மேல் அனுமதி இல்லை. நான்கு கயிறு, பன்னிரண்டு பேர். அதற்கு மேல் ஒருவர்கூடச் சேர முடியாது.

வெயிட்டிங் லிஸ்டும் உண்டு. பார்த்தால் நம் ரயில் டிக்கெட் ஞாபகம் வரும். ஆனால் ரயிலில் ஒருவர் வராவிட்டால் ஓர் இருக்கை காலி, மற்றவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை. இங்கே வெள்ளிக்கிழமை இரவு ஒருவர் ‘வரமுடியவில்லை’ என்று பெயரை எடுத்துவிட்டால், ஒரு கயிற்றில் இரண்டு பேர்தான் மிச்சம். இருவர் மட்டும் போகும் கயிற்றில் ஒருவர் பிளவுக்குள் விழுந்தால், மற்றவர் தனியாளாக அவரைத் தாங்கிக்கொண்டே ஆங்கரும் அமைக்க வேண்டும். நன்கு தேர்ந்தவர்களுக்கே அது கஷ்டம், பயிற்சி மாணவர்களை அப்படி அனுப்ப எந்த நடத்துநருக்கும் மனம் வராது. எனவே கயிறுகளை மாற்றிக் கட்டுவதா, வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவரை எழுப்புவதா என்று அந்த இரவே முடிவாக வேண்டும். பட்டியலில் அடுத்து இருப்பவர் யார், அவருக்கு என்ன தகுதி, தொலைபேசி எண் என்ன என்பதெல்லாம் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிவதன் மதிப்பு அப்போதுதான் புரியும். பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் நழுவுபவர்கள் மீது இந்தச் சங்கங்களில் இருக்கும் கடுப்புக்கும் காரணம் இதுதான். வெளியாள் பார்த்தால் ‘ஓர் ஆள் குறைந்தால் என்ன’ என்று தோன்றும்.

தகுதி என்று சொன்னேன். அதற்குச் சங்கம் வைத்திருக்கும் பெயர் ‘பேட்ஜ்’. கணினி விளையாட்டில் கிடைக்கும் நட்சத்திரம்போல ஒலிக்கிறது, வேலை வேறு. அடிப்படை மலையேற்றப் பயிற்சியில் முடிச்சுகள், பாறையில் கயிறு பிடிப்பது, கயிற்றில் இறங்குவது, வழுக்கும்போது கோடாலியால் நிறுத்துவது, பனிப்பிளவு மீட்பு எல்லாம் களத்தில் செய்துகாட்டித் தேற வேண்டும். முதலுதவிப் பயிற்சி தனி. பாதை சீரமைப்பு போன்ற ஏதாவதொரு சேவையும் கட்டாயம். ஒவ்வொன்றும் உறுப்பினரின் கணக்கில் பேட்ஜாக ஏறும். பயண அறிவிப்பில் ‘இந்த பேட்ஜ் தேவை’ என்று இருந்து, உங்களிடம் அது இல்லையென்றால் பதிவு செய்யும் பொத்தான் வேலை செய்யாது. கெஞ்சலாம், விளக்கலாம், மென்பொருள் கேட்காது. பேட்ஜ் இருந்தாலும் பல பயணங்களுக்கு நடத்துபவரின் சம்மதம் தனியாக வேண்டும். அவர் உங்கள் முந்தைய பயணங்களைப் புரட்டிப் பார்ப்பார், கடைசியாக எப்போது பனியில் நடந்தீர்கள் என்று கேட்பார்.

இணைய வணிகம் முழுவதும் ஒரே கொள்கையில் ஓடுகிறது: ‘வாங்க’ என்ற பொத்தானுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே தடையே இருக்கக்கூடாது. மலையேற்றச் சங்கம் அதே தொழில்நுட்பத்தை வாங்கி, வேண்டுமென்றே நடுவில் கதவுகளை வைக்கிறது. எனக்கு இந்த முரண் மிகவும் பிடித்திருக்கிறது. இதில் ஒரு நியாயமும் ஒளிந்திருக்கிறது. பழைய காலத்தில் ‘அவரைக் கூட்டிப்போகலாம், இவர் வேண்டாம்’ என்பது சிலரின் தனிப்பட்ட அபிப்பிராயம். அதில் பெண், வெளிநாட்டுக்காரர், கூச்ச சுபாவக்காரர் எல்லோரும் கண்ணுக்குத் தெரியாமல் கழிந்துபோகலாம். இப்போது கதவு எங்கே இருக்கிறது, அதைத் திறக்க என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் எழுத்தில் தெரியும்.

பயணம் முடிந்ததும் நடத்துபவர் அதை இணையத்தில் ‘மூட’ வேண்டும். அங்கே முடிவு என்ன என்று ஒரு கேள்வி. வெற்றி, திரும்பிவிட்டோம், ரத்து. இந்த நடு வார்த்தைதான் முக்கியம். பேக்கரின் கடைசிச் சரிவுக்கு ‘ரோமன் வால்’ என்று பெயர். அதுவரை வந்துவிட்டு, பனி இளகிவிட்டது, மேகம் சூழ்கிறது, ஒருவருக்கு முடியவில்லை என்று திரும்பும் குழுக்கள் ஏராளம். விடுப்பு போட்டு, பெட்ரோல் செலவழித்து, நள்ளிரவில் எழுந்து ஏறியவர்களுக்குச் சிகரம் கண்ணெதிரே தெரியும்போது திரும்புவது எளிதில்லை. மலையில் பல சாவுகள் அந்தக் கடைசி மணி நேரத்துப் பிடிவாதத்தில்தான் நடந்திருக்கின்றன. திரும்பிய பயணமும் வெற்றி பெற்ற பயணமும் ஒருவரின் கணக்கில் அடுத்தடுத்த வரிகளாக, ஒரே எழுத்தளவில் நிற்கின்றன. மூத்த நடத்துநர் ஒருவரின் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் ‘திரும்பிவிட்டோம்’ எத்தனையோ முறை வந்திருக்கும். இருபத்தைந்து வயதில் முதன்முறை ஏறவரும் ஒருவர் அதைப் பார்ப்பது, பத்துப் பாதுகாப்பு உரைகளைக் கேட்பதைவிட மேல் என்பது என் எண்ணம். இன்ஸ்டாகிராமில் திரும்பிவந்த படங்களை யார் போடுகிறார்கள்?

விபத்தையும், நூலிழையில் தப்பியதையும் எழுதி அனுப்பவும் சங்கத்தில் படிவம் இருக்கிறது. இந்தப் பழக்கத்துக்கு அங்கே நீண்ட வேர். 1902-ல் தொடங்கிய அமெரிக்கன் ஆல்பைன் கிளப் 1948 முதல் ஆண்டுதோறும் மலை விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்டுவருகிறது. இப்போது அந்த அறிக்கைகள் இணையத்தில் தேடும்படி கிடைக்கின்றன. என்ன நடந்தது, என்ன செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்ற இரண்டு பகுதிகள். படிக்கப் படிக்க ஒரே கதைகள் திரும்ப வருவது தெரியும். கயிற்றின் நுனியில் முடிச்சுப் போடாமல் இறங்கியவர், கயிறு தீர்ந்ததை அறியாமல் நுனியைத் தாண்டி நழுவியிருப்பார். இதே பிழையைத் தேர்ந்தவர்களும் செய்திருக்கிறார்கள், புதியவர்களும் செய்திருக்கிறார்கள். ஒரு முடிச்சுக்கு அரை நிமிடம் ஆகாது.

இத்தனை ஏற்பாடும் மலையடிவாரத்தோடு நின்றுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். பேக்கரும் ரெய்னியரும் இருக்கும் கேஸ்கேட் மலைத்தொடரில் பெரும்பாலான பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக்கு சிக்னல் கிடையாது. அதனால் பெயர்ப் பட்டியலையும் அவசரத் தொடர்பு எண்களையும் நடத்துபவர் காகிதத்தில் அச்சிட்டோ கைப்பேசியில் இறக்கியோ கையோடு எடுத்துப்போவார். செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி இப்போது பல குழுக்களில் ஒன்றாவது இருக்கும். ஆபத்தில் அழைப்பு போய்ச்சேரும், மீட்புக் குழு வந்துசேர மணிக்கணக்கில் ஆகும். அந்த மணிகளில் உதவி என்பது கயிற்றில் கூட இருப்பவர்கள் மட்டுமே. குளிர்காலத்தில் புறப்படுமுன் வடமேற்குப் பனிச்சரிவு மையத்தின் அன்றாட முன்னறிவிப்பைப் பார்ப்பது எழுதாத சட்டம். மலைக்குப் போனவர்கள் திரும்பிவந்து தாம் பார்த்த பனியின் நிலையை அதே மையத்துக்கு எழுதி அனுப்பலாம், அடுத்த முன்னறிவிப்புக்கு அதுவும் பயன்படும். சங்கத்தின் பயணக் குறிப்புகளும் இதே வகை. ‘இரண்டாவது பாலத்துக்கு அப்பால் சாலையில் மரம் விழுந்துகிடக்கிறது’ என்ற ஒரு வரிக்கு, பத்து சிகரப் படங்களைவிட மதிப்பு அதிகம்.

ஐரோப்பாவில் இதே காரியம் வேறு விதமாக நடக்கிறது. 1869-ல் தொடங்கிய ஜெர்மன் ஆல்பைன் சங்கத்துக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள், மலையெங்கும் தங்கும் குடில்கள். அங்கே உறுப்பினர்களை இணைப்பது குடில்தான். குடிலின் பதிவேட்டில் பெயரோடு ‘நாளை எங்கே போகிறேன்’ என்றும் எழுதுவது பழைய மரபு. யாராவது காணாமல் போனால் தேடுபவர்கள் முதலில் புரட்டுவது அந்த ஏட்டைத்தான். படுக்கை முன்பதிவு இப்போது இணையத்துக்கு வந்துவிட்டாலும் ஏடு போய்விடவில்லை. வாஷிங்டன் மலைகளில் அத்தகைய குடில்கள் மிகக் குறைவு, கூடாரம்தான். அதனால் அங்கே ஏட்டின் வேலையையும் சேர்த்துப் பெயர்ப் பட்டியலே சுமக்கிறது.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து பயணங்கள் நின்றபோது வகுப்பு உரைகள் திரைக்குப் போயின. முடிச்சை வீட்டுக் கூடத்தில் வீடியோ பார்த்துப் பழகலாம், தவறில்லை. வழுக்கும் சரிவில் உடம்பு தானாகத் திரும்பிக் கோடாலியை ஊன்றுவதற்கு உண்மையான பனியும் மேலே நின்று அதட்டும் ஒருவரும் தேவை. அந்தப் பகுதி திரைக்கு வரவே இல்லை, வரவும் முடியாது.

இனி குறைகள். அடிப்படைப் பயிற்சி மாணவர் தேர்ச்சி பெற மூன்று மலைப் பயணங்களை முடிக்க வேண்டும், அதில் பாறை ஒன்று, பனியாறு ஒன்று. வாஷிங்டனில் நல்ல வானிலை ஏறக்குறைய ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதந்தான். வசந்தத்தில் பயிற்சி முடித்த எல்லோருக்கும் அதே சில வாரக் கடைசிகள் வேண்டும். ஒரு பயணம் பதிவுக்குத் திறக்கும் நிமிடத்தில் அலுவலகக் கூட்டத்துக்கு நடுவே கைப்பேசியில் விரலை வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. இரவு ஷிஃப்டில் வேலை செய்பவருக்கும், நாள் முழுக்க நோயாளிகளோடு நிற்கும் செவிலியருக்கும் அந்த நிமிடம் வாய்க்காது. கதவு எங்கே என்பது எல்லோருக்கும் எழுத்தில் தெரியும் என்றேன், கதவு திறக்கும் நேரம் எல்லோருக்கும் ஒன்றாக அமைவதில்லை.

இன்னொன்று இதைவிட ஆழமானது. ஒருமுறை நல்ல குழுவோடு ஏறியவர்கள் தமக்குள் எண்களைப் பரிமாறிக்கொள்வார்கள். அடுத்த முறை பொதுப் பட்டியல் எதற்கு? நான்கு பேர் கொண்ட தனி அரட்டைக் குழுவில் சனிக்கிழமை முடிவாகிவிடும். இதைத் துரோகம் என்று சொல்ல முடியாது, சங்கம் இருப்பதே இப்படி நண்பர்கள் கிடைப்பதற்குத்தானே. ஆனால் இப்படிப் போகிறவர்களில் பலர் அனுபவசாலிகள். அவர்கள் பொதுப் பட்டியலில் ஒரு பயணத்தை அறிவித்து நடத்தியிருந்தால் எட்டுப் புதியவர்களுக்கு இடம் கிடைத்திருக்கும். முன்பின் தெரியாத எட்டுப் பேரை மலைக்கு அழைத்துப்போவது, மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது, ஒருவர் செருப்பணிந்து வந்து நிற்பதைச் சமாளிப்பது எல்லாம் சம்பளமில்லாத வேலை என்பதும் உண்மை. பயணம் முடிந்தபின் பங்கேற்றவர்கள் நடத்துபவரைப் பற்றிக் கருத்து எழுதும் வசதியும் இருக்கிறது. பெரும்பாலும் நன்றிதான் வரும். ‘கொஞ்சம் வேகமாக நடந்தார்’ என்று ஒரு வரி வந்தாலும், விடுமுறையை விட்டுக்கொடுத்தவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

நடத்துநர்களை உண்டாக்க வேண்டுமானால் அடிப்படைப் பயிற்சியை முடித்தவர் அடுத்த கட்டப் பயிற்சிக்கு வந்து, அங்கே கற்கும்போதே கீழ்வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, சில கோடைகள் ரோப் லீடாகப் போய், பிறகு மூத்தவர் ஒருவர் பக்கத்திலிருந்து பார்க்க ஒரு பயணத்தைத் தானே நடத்திக்காட்ட வேண்டும். பல ஆண்டு ஆகும். நடுவில் வேலை மாறும், குழந்தை பிறக்கும், முழங்கால் கெடும். சங்கம் தன் இணைய அமைப்பை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்த இடத்தில் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. சர்வரின் வேகத்தைக் கூட்டினால் இடங்கள் இன்னும் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவே.